ஒரே ஆள் ஓடிய பந்தயத்தில் முதல் பரிசு

என்னிடம் கார் பந்தயக் கோப்பைகள் ஓர் அலமாரித் தட்டு நிறைய இருக்கின்றன. எல்லாவற்றிலும் முதலிடம் என்று பொறித்திருக்கிறது. பொறித்தது பொய்யில்லை. அந்தப் பந்தயங்களில் பெரும்பாலானவற்றில் என் பிரிவில் ஓடியது நான் ஒருவன் மட்டும். இதுவும் பொய்யில்லை. முதல் உண்மையை ஊரெல்லாம் சொன்னேன். இரண்டாவதை யாரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை.

தற்செயலாக அப்படி அமைந்திருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே இல்லை. போட்டிக்கு ஆளில்லாத பிரிவு எது என்று தேடினேன், கண்டுபிடித்தேன், அதற்குத் தோதான காரையும் வாங்கினேன். புதிதாகப் பந்தயம் ஓட்ட வரும் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் இப்போது என்னிடம், "எந்தப் பிரிவுல சேரலாம் அங்கிள்?" என்று கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லும் அனுபவம் எனக்கு எந்த வழியில் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவதுதான் முறை.

அமெரிக்காவில் சனி ஞாயிறுகளில் சொந்தக் காசைப் போட்டுக் கார் பந்தயம் ஓட்டுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பல் மருத்துவர், பிளம்பர், பள்ளி ஆசிரியர், என்னைப்போல் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர் என்று எல்லா வகை ஆட்களும் உண்டு. யாருக்கும் சம்பளம் கிடையாது, செலவு மட்டும்தான். இவர்களுக்கான பெரிய அமைப்பு 1944இல் தொடங்கிய ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா. சுருக்கமாக எஸ்.சி.சி.ஏ. ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் நடுவயதில் பந்தயம் ஓட்டத் தொடங்கி, 1976க்கும் 1986க்கும் இடையே நான்கு முறை தேசியப் பட்டம் வென்றது இந்த அமைப்பில்தான்.

இந்த அமைப்பின் விதிப்புத்தகம் தலையணை மொத்தம். எந்த ஆண்டு வந்த எந்தக் கார் எந்தப் பிரிவு, எவ்வளவு எடை இருக்க வேண்டும், இன்ஜினில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று பக்கம் பக்கமாகப் போகும். பிரிவுகள் பல டஜன். ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பந்தயம் வைத்தால் ஒரு வார இறுதி போதாது. அதனால் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போகும் பிரிவுகளைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஓடவிடுவார்கள். வேலிக்கு வெளியே நிற்பவருக்கு முப்பது கார் ஓடும் ஒரு பந்தயம் தெரியும். உள்ளே நடப்பது ஏழெட்டுப் பந்தயங்கள். முன்னால் போகிறவர் உங்கள் போட்டியாளராகவே இல்லாமல் இருக்கலாம்.

முடிந்ததும் ஒட்டும் முடிவுத் தாளில் ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று மொத்தத்தில் எத்தனையாவது, மற்றது பிரிவில் எத்தனையாவது. மொத்தத்தில் இருபத்தெட்டாவதாக வந்தவர் தன் பிரிவில் முதலாவதாக இருக்கலாம். இந்த ஏற்பாட்டில் தப்பு ஒன்றும் இல்லை. நாற்பது வருஷத்துக் கார் ஒன்று புதிய காரோடு மோதித் தோற்காமல் தன் வயதுக்காரர்களோடு ஓட இதுதான் வழி. நான் புகுந்தது அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது சோழவரத்தில். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதை அது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில் பந்தயங்கள் நடத்தும். இருங்காட்டுக்கோட்டையில் முறையான டிராக் வந்தது 1990இல்தான். அதற்கு முன் பந்தயம் என்றால் சோழவரம். சின்ன வயதில் அப்பா என்னைப் பஸ்ஸில் அழைத்துப் போவார். கூட்டத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது என்று தோளில் தூக்கி வைத்துக்கொள்வார். பிறகு கேட்பது ஒரே கேள்விதான். "யாருடா முன்னாடி போறான்?" முதலில் போகிறவனை மட்டும் நான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஏழாவது இடத்துக்கும் எட்டாவது இடத்துக்கும் நடக்கும் சண்டையை எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. அப்பாமேல் பழி போடவில்லை. முன்னால் போகிறவனைத் தவிர மற்ற எல்லோரும் வீண் என்ற எண்ணம் எனக்குள் எப்போது நுழைந்தது என்று யோசித்தால் அங்கே போய் நிற்கிறது. அவ்வளவுதான்.

வர்ஜீனியாவில் வேலை, வீடு, பிள்ளைகளின் கல்லூரிச் செலவு எல்லாம் ஒரு நிலைக்கு வந்தபின் பந்தய ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்தேன். உரிமம் கிடைத்தது. அடுத்தது பிரிவு.

அப்போது என் முன்னால் இருந்தவை இவை. முதலாவது ஃபார்முலா வீ. 1963இல் பிறந்த பிரிவு. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் 1200 சிசி இன்ஜினைப் பின்னால் வைத்த ஒற்றை இருக்கைக் கார். சக்தி குறைவு, செலவும் குறைவு. பிற்காலத்தில் ஃபார்முலா ஒன் சாம்பியனான நிக்கி லௌடா தொடக்க காலத்தில் ஓட்டியவற்றில் இதுவும் ஒன்று. இரண்டாவது ஸ்பெக் ரேசர் ஃபோர்டு. 1980களில் ரெனால்ட் இன்ஜினோடு வந்து பிறகு ஃபோர்டுக்கு மாறியது. இன்ஜினுக்கு முத்திரை வைத்துத் தருவார்கள், உள்ளே கை வைக்க முடியாது. மூன்றாவது ஸ்பெக் மியாட்டா. மஸ்டாவின் 1990 முதல் 2005 வரை வந்த இரண்டு இருக்கைக் கார்கள். எல்லோருக்கும் ஒரே ஷாக் அப்சார்பர், ஒரே டயர். வெவ்வேறு ஆண்டுக் கார்களுக்கு வெவ்வேறு குறைந்தபட்ச எடை வைத்து, தேவைப்பட்ட இடத்தில் இன்ஜின் மூச்சை இழுக்கும் வழியையும் கொஞ்சம் அடைத்து, வேகத்தைச் சமமாக்கி வைத்திருப்பார்கள்.

நான்காவது இம்ப்ரூவ்டு டூரிங். சாலையில் ஓடிய சாதாரணக் கார்களுக்கு ரோல் கேஜ் என்ற பாதுகாப்புக் கூண்டு போட்டு, ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், சைலன்ஸர் மாற்றி ஓட்டுவது. இன்ஜினின் உள்பகுதி கிட்டத்தட்ட கம்பெனியில் வந்தபடியே இருக்க வேண்டும். வேகத்தின் வரிசைப்படி ஆர், எஸ், ஏ, பி, சி என்று ஐந்து உட்பிரிவுகள். வட்டார அளவோடு சரி, தேசியப் போட்டிக்குப் போகாது. உங்கள் கார் ஜெயிக்கும் என்று நாங்கள் உத்தரவாதம் தரவில்லை என்பதை விதிப்புத்தகமே முன்கூட்டிச் சொல்லிவிடும்.

எஸ்.சி.சி.ஏ.வுக்கு வெளியே நேஷனல் ஆட்டோ ஸ்போர்ட் அசோசியேஷன் இருக்கிறது. அதன் சுருக்கமும் நாசாதான். அங்கே 1980களின் பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் கார்களுக்கு ஸ்பெக் ஈ30 என்று நல்ல கூட்டமுள்ள பிரிவு உண்டு. "நாசால ரேஸ் ஓட்டலாம்னு பார்க்குறேன்" என்று நான் போனில் சொன்னதைக் கேட்ட பெரியம்மா, எனக்கு விண்வெளியில் வேலை கிடைத்துவிட்டதாகத் தெருவில் சொல்லிவிட்டார். அதைத் திருத்த ஒரு வாரம் பிடித்தது. பின்னால் நடந்ததைப் பார்க்கும்போது, ஒரு தவறான புகழை நான் முனைந்து திருத்தியது அந்த ஒரு முறைதான்.

பள்ளியில் எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர் ஒருவர், இதில் முதலில் காரைப் பார்க்காதே என்றார். உனக்கு எந்த ஆட்களோடு ஓட வேண்டும் என்று பார், அவர்கள் எந்தக் காரில் இருக்கிறார்களோ அதை வாங்கு. புதியவனுக்கு மியாட்டா கூட்டத்தைவிட நல்ல வாத்தியார் கிடையாது. இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. அவர் பேச்சைக் கேட்டு மேற்கு வர்ஜீனியாவில் உள்ள சம்மிட் பாயின்ட் டிராக்குக்கு மியாட்டா பந்தயம் பார்க்கப் போனேன்.

மூன்றே கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான டிராக் அது. பத்து வளைவுகள். ஏறக்குறைய 900 மீட்டர் நேர்ப்பாதை முடிகிற இடத்தில் முதல் வளைவு. கொடி விழுந்ததும் முப்பது கார்களுக்கு மேல் ஒன்றன் பின்னால் ஒன்று ஒட்டிக்கொண்டு அந்த வளைவுக்குள் இறங்கின. யாரும் யாருக்கும் வழி விடவில்லை. பன்னிரண்டாவது இடத்துக்காக ஐந்து பேர் கடைசிச் சுற்றுவரை அடித்துக்கொண்டார்கள்.

எனக்குப் பயம் வந்தது. மோதிவிடுவேன் என்ற பயம் என்றுதான் நானே முதலில் நினைத்தேன். வீட்டுக்கு வரும் வழியில் அது என்ன பயம் என்று புரிந்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே கார் என்றால் கடைசியில் வருகிறவனுக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றும் மிச்சம் இருக்காது. இன்ஜின் சரியில்லை, டயர் சரியில்லை, அவன் கார் பெரிசு என்று எதுவும் சொல்ல முடியாது. ஆள் சரியில்லை என்பது மட்டும்தான் பாக்கி.

அன்று இரவு நான் செய்ததுதான் இந்த வாக்குமூலத்தின் மையம். எங்கள் வட்டாரத்தில் முந்தைய இரண்டு ஆண்டுகள் நடந்த பந்தயங்களின் முடிவுத் தாள்களை எல்லாம் இறக்கினேன். பிரிவு வாரியாக எத்தனை கார் ஓடியது என்று எக்செலில் போட்டேன். ஏறுவரிசையில் அடுக்கினேன். இந்தப் பட்டியலை நல்ல புத்தியுள்ள யாரும் இறங்குவரிசையில் அடுக்குவார்கள். கூட்டம் எங்கே என்று தெரிந்துகொள்ளத்தானே கணக்கு? நான் ஆளில்லாத இடத்தைத் தேடினேன். உச்சியில் வந்து நின்றது இம்ப்ரூவ்டு டூரிங் சி. பூஜ்யம், ஒன்று, பூஜ்யம், ஒன்று, ஒன்று என்று போய் எங்கேயோ ஓர் இடத்தில் இரண்டு.

மனைவியிடம் சிக்கனம் என்று சொன்னேன். காரின் விலை மட்டும் பார்த்தால் அது உண்மையும்கூட. மியாட்டா வாங்கும் பணத்தில் பாதிகூட ஆகாது.

"பழைய காருக்கு பார்ட்ஸ் கிடைக்குமாங்க?" என்று அவள் கேட்டாள்.

"ஹோண்டாவுக்கா கிடைக்காது?" என்றேன்.

சரியான கேள்வியை அவள் கேட்டாள், தெரியாத பதிலை நான் சொன்னேன். 1980களின் நடுவில் வந்த 1500 சிசி சிவிக் அது, கார்புரேட்டர் வைத்தது. சாலையிலேயே அரிதாகிவிட்ட வண்டி. கியர் பாக்ஸ் உள்ளே ஒன்று உடைந்தால் பென்சில்வேனியாவில் உள்ள பழைய இரும்புக் கடைகள்வரை அலைய வேண்டியிருந்தது. மியாட்டாக்காரர்களுக்கோ மஸ்டா நிறுவனமே பந்தயக்காரர்களுக்கென்று சலுகை விலையில் உதிரிபாகம் தரும் ஏற்பாடு வைத்திருக்கிறது. டிராக்கில் ஒருவரிடம் இல்லாதது பக்கத்துக் கூடாரத்தில் இருக்கும். ஓராண்டு முடிவதற்குள் என் சிக்கனம் வெளுத்துவிட்டது. கணக்கை அவளிடம் காட்டவில்லை.

முதல் பந்தயத்தில், நடுவில் நின்றுபோன கார்களை நீக்கிவிட்டால், மொத்தத்தில் நான்தான் கடைசி. என் பிரிவில் முதலிடம். மரப்பலகையில் பித்தளைத் தகடு அடித்த ஒரு சின்னப் பரிசு தந்தார்கள். தந்தவர் புன்னகையோடு, நல்ல பொருள் பொதிந்த ஒரு பார்வையோடுதான் தந்தார். நான் கவனிக்காததுபோல் வாங்கிக்கொண்டேன். அன்றே குடும்ப வாட்ஸப் குழுவில் படம் போட்டேன். தகட்டில் இருந்த பிரிவின் பெயரை என் கட்டைவிரல் மறைத்திருந்தது. விரல் தானாக அங்கே போகவில்லை.

"ஃபர்ஸ்ட் பிரைஸ்" என்று அப்பா காலை நடைப் பயிற்சிக் கூட்டாளிகளிடமும் கோயில் வாசலிலும் சொல்லிவிட்டார். மாமா மகன் மட்டும் விவரமானவன். "அத்தான், மொத்தம் எத்தனை கார் ஓடுச்சு?" என்று கேட்டான். "முப்பது" என்றேன். முப்பது கார் ஓடியது உண்மை, நான் முதலிடம் என்பதும் உண்மை. இரண்டு உண்மைகளை அருகருகே வைத்தே ஒரு முழுப் பொய்யைச் செய்துவிட முடியும் என்று நான் கற்றுக்கொண்ட நாள் அது. அப்புறம் அதில் கை பழகிவிட்டது.

அடுத்த பொங்கல் விழாவில் எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கம் என்னை மேடைக்குக் கூப்பிட்டது. "அமெரிக்க மண்ணில் கார் பந்தயச் சாம்பியன்" என்று அறிவித்துப் பொன்னாடை போர்த்தி, கேடயம் கொடுத்தார்கள். அவர்கள்மேல் குற்றமே இல்லை. நான் கொடுத்த தகவல் அப்படி. மைக் என் கையில் இருந்தது. அந்தப் பிரிவில் ஓடியது நான் மட்டும்தான் என்று சொல்ல அரை நிமிஷம் போதும். நான் விடாமுயற்சியைப் பற்றிப் பேசினேன். கீழே இறங்கியதும் சின்னப் பிள்ளைகள் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டுக் கொடுத்தேன்.

ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். இலுப்பைப்பூவுக்காவது அந்த ஊரில் இருப்பது விதி. நான் ஆலை இல்லாத ஊர் எது என்று விசாரித்துப் போய்க் குடியேறியவன்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். முதல் நஷ்டம் எனக்கு. தனியாக ஓடுகிறவனுக்கு வளைவில் எப்போது பிரேக் போட வேண்டும் என்று சொல்லித்தர எதிரி இல்லை. முன்னால் இருப்பவனை எங்கே முந்துவது, பின்னால் வருகிறவனை எங்கே மடக்குவது, இரண்டு கார் பக்கம் பக்கமாக வளைவுக்குள் போகும்போது எவ்வளவு இடம் விடுவது, இவை எதுவும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது நீலக் கொடி மட்டும். பின்னால் வேகமான கார் வருகிறது என்பதற்கு வளைவில் நிற்கும் தன்னார்வலர் காட்டுவது அது. என் பந்தயங்கள் பெரும்பாலும் நீலக் கொடியைப் பார்த்துக் கையை நீட்டி வழிவிடுவதிலேயே கழிந்தன. என் சுற்று நேரம் குறையவும் இல்லை. குறைக்க ஒரு காரணமும் இல்லை.

இரண்டாவது நஷ்டம் இன்னொருவருக்கு. அதைச் சொல்லத்தான் எனக்கு இவ்வளவு சுற்றி வர வேண்டியிருக்கிறது.

ஒரு கோடையில் என் பிரிவுக்கு இன்னொருவர் வந்தார். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவியும் அவரும் ஒரு பழைய டிரக்கில் டிரெய்லரை மாட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். அவர் காரும் என்னுடையதைப் போன்ற அதே சிவிக். நான் எதற்குப் பயந்து மியாட்டாவை விட்டு ஓடினேனோ அது டிரெய்லரில் ஏறி என்னைத் தேடி வந்துவிட்டது.

சனிக்கிழமைப் பந்தயத்தில் அவர் என்னை எவ்வளவு தூரம் பின்னால் விட்டார் என்றால், இரண்டாவது சுற்றுக்குப் பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை. முடிந்ததும் அவரே என் கூடாரத்துக்கு வந்தார். கையில் இரண்டு சோடா டின்கள். இத்தனை காலம் தனியாக ஓட்டி அலுத்துவிட்டது, இப்போதுதான் ஒரு துணை கிடைத்தது என்றார். அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில். பிறகு, நான் முதல் வளைவுக்கு ரொம்ப முன்னாடியே பிரேக் போடுவதாகவும், நேர்ப்பாதைக்குப் போகும் பத்தாவது வளைவில் காலை எடுத்துவிடுவதாகவும், அங்கே போன வேகம் நேர்ப்பாதை முழுக்கத் திரும்பக் கிடைக்காது என்றும் சொன்னார். நாளைக் காலைப் பயிற்சியில் என் பின்னாலேயே வாருங்கள், காட்டுகிறேன் என்றார்.

சரி என்றேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளட்ச் நழுவுகிறது என்று சொல்லி வண்டியை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். கிளட்சுக்கு ஒன்றும் இல்லை. காரை ஏற்ற அவர் கூட வந்து கை கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பந்தயத்துக்கும் பணம் கட்டுவதற்கு முன் பதிவுப் பட்டியலைப் பார்ப்பேன். அவர் பெயர் இருந்தால் எனக்கு வேலை இருக்கும், உடம்பு சரியில்லாமல் போகும், ஊரிலிருந்து விருந்தாளி வருவார்கள். அவர் பெயர் இல்லையென்றால் போய் முதலிடம் வாங்கி வருவேன். இடையிடையே அவர் மின்னஞ்சல் அனுப்புவார். அடுத்த மாதம் வருகிறீர்களா, பின் ஸ்பிரிங் ஒரு ஜோடி கூடுதலாக இருக்கிறது, உங்களுக்குக் கொண்டு வரவா? நான் மழுப்பலாக ஏதாவது எழுதுவேன்.

ஒரு குளிர்காலத்தில் அவர் தன் காரை விற்றுவிட்டதாக எழுதினார். வயதாகிவிட்டதா என்று கேட்டேன். அப்படியில்லை, கூட ஓட ஆளில்லாமல் எவ்வளவு நாள் ஓட்டுவது என்று பதில் வந்தது. கூட ஓட ஓர் ஆள் இருந்தான். அது அவருக்குத் தெரியாது.

பிரிவு என்பது விதிப்புத்தகத்தின் ஒரு பக்கம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது ஆட்களால் ஆனது. இருவர் தொடர்ந்து வந்தால் மூன்றாமவர் வருவார், மூவர் இருந்தால் கராஜில் காரைப் போட்டு மூடி வைத்திருக்கும் நாலாமவர் மூடியை எடுப்பார். எங்கள் வட்டாரத்தில் அந்தப் பிரிவு மெலிந்துபோனதற்குக் கார்கள் பழசானது ஒரு காரணம், உதிரிபாகம் கிடைக்காதது ஒரு காரணம். என் பங்கும் அதில் உண்டு. இருக்கிற ஒரே துணையையும் தவிர்த்துவிட்டு வெற்றுக் களத்தில் பரிசு வாங்கியவன் அந்தப் பிரிவைத் தின்று வாழ்ந்தவன்.

சிவிக்கை நஷ்டத்துக்கு விற்றேன். 1.6 லிட்டர் இன்ஜின் உள்ள ஒரு பழைய மியாட்டா வாங்கினேன். உடனே திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். நடக்கவில்லை. கடைசி வரிசையில் ஓடிக்கொண்டிருந்த காலம் முழுக்க இன்ஜின் தேய்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பயிற்சி நாளில், முன்வரிசையில் ஓடும் ஒரு பையன், "நான் ஒரு தடவ ஓட்டிப் பார்க்கவா?" என்று கேட்டு என் காரில் ஏறினான். என் காரை, என் டயரில், என்னைவிடச் சுற்றுக்குப் பல விநாடிகள் வேகமாக ஓட்டிவிட்டு இறங்கி, நல்ல இன்ஜின் என்று பாராட்டிவிட்டுப் போனான். அதோடு அந்தச் சாக்கும் தீர்ந்தது. அதன் பிறகுதான் நான் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன்.

ஒரே மாதிரி கார் கொடுத்தால்தான் ஓட்டுகிறவன் யார் என்று தெரியும் என்பது நம் ஊர்க்காரர் ஒருவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. கோயம்புத்தூர் கரிவர்தன், மாருதி 800இன் 796 சிசி இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைக் காரை வடிவமைத்தார். சின்ன இன்ஜின், கட்டுப்படியாகும் செலவு, எல்லோருக்கும் ஒரே வண்டி. அதில் ஓட்டி வளர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கால் வைத்தார். கரிவர்தன் அதைப் பார்க்க இல்லை, 1995இல் ஒரு சிறு விமான விபத்தில் இறந்துவிட்டார். செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கியது. சோழவரம் பார்த்து வளர்ந்த எனக்கு இந்தக் கதை முழுதும் தெரியும். தெரிந்துகொண்டேதான் ஏறுவரிசையில் அடுக்கினேன்.

இனி, கேட்ட பிள்ளைகளுக்குப் பதில்.

பிரிவைத் தேர்ந்தெடுக்கும் முன் நீங்கள் ஓட்டப்போகும் டிராக்குகளில் கடந்த இரண்டு ஆண்டு முடிவுத் தாள்களை எடுங்கள். பெயர்களை எண்ணுங்கள். ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றனவா என்று பாருங்கள், வந்தால் அது உயிருள்ள பிரிவு. முதல் காருக்கும் பத்தாவது காருக்கும் சுற்று நேரத்தில் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள், நெருக்கமாக இருந்தால் அங்கே பணத்தைவிடக் கை பேசுகிறது என்று அர்த்தம். காரின் விலையைப் பெரிதாக எண்ணாதீர்கள். டயர், பிரேக், நுழைவுக் கட்டணம், டிரெய்லர் இழுக்கும் டீசல், காலாவதித் தேதி போட்ட இருக்கை பெல்ட், இவைதான் ஆண்டுக்கு ஆண்டு பணத்தைத் தின்னும். நீங்களே கட்டலாம் என்று இறங்காதீர்கள். ரோல் கேஜ் போட்டு, ஏற்கெனவே பந்தயம் ஓடிய காரை வாங்கினால் செலவு குறையும். ஒரு சனிக்கிழமை சும்மா போய்ப் பாருங்கள். பந்தயம் முடிந்தபின் எந்தப் பிரிவுக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், ஒருவர் கார் உடைந்தால் இன்னொருவர் ஸ்பேனரோடு ஓடுகிறாரா என்று கவனியுங்கள். ஆள் குறைந்த பழைய பிரிவின்மேல் உங்களுக்கு உண்மையிலேயே காதல் என்றால் தாராளமாகப் போங்கள். கூடவே ஒரு நண்பரையும் இழுத்துக்கொண்டு போங்கள், இருக்கிறவரை விட்டு ஓடாதீர்கள்.

தமிழ்ச் சங்கத்து நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். விழா மலரில் என் படத்துக்குக் கீழே போட்ட 'சாம்பியன்' பட்டத்தை அடுத்த மலரில் திருத்திப் போடுங்கள். கேடயத்தை நானே கொண்டு வந்து கொடுக்கிறேன். அப்பாவிடமும் மனைவியிடமும் இந்தக் கட்டுரை அச்சுக்குப் போகும் முன்பே சொல்லியாயிற்று.

நல்ல பிரிவில் சேர்ந்தால் முதல் வருஷம் கடைசியில்தான் வருவீர்கள், அடுத்த வருஷமும் அப்படியே இருக்கலாம். அதைத் தாங்க மனம் இல்லையென்றால் கார் வாங்காதீர்கள். பரிசுதான் வேண்டும் என்றால் கேடயம் செய்கிற கடையில் நேராகவே வாங்கிக்கொள்ளலாம், விலையும் குறைவு.